அகச்சிவப்பில் ஒரு பூந்தோட்டம்

எங்கள் பள்ளி அறிவியல் ஆய்வகத்தில் ஒரு சார்ட் தொங்குகிறது. நான் என் கையால் எழுதியது. அதில் ஒரு வரி மட்டும் சிவப்பு மையால் அடிக்கப்பட்டு, கீழே வேறொரு வரி எழுதப்பட்டிருக்கும். ஆய்வு அலுவலர்கள் வரும்போது, "புதுச் சார்ட் போட்டுவிடலாமே சார்" என்று சக ஆசிரியர்கள் சொல்வார்கள். நான் மாற்றவில்லை. அந்த அடித்தல் எப்படி வந்தது என்பதைச் சொல்லவே இந்தக் கட்டுரை. கூடவே, ஒரு பழைய டிஜிட்டல் கேமராவைக் கொண்டு பள்ளித் தோட்டத்துப் பூக்களை அகச்சிவப்பு ஒளியில் மிக அருகில் படம் எடுக்கும் முறையையும் சொல்கிறேன். விரும்பும் ஆசிரியர்கள் தங்கள் பள்ளியிலும் செய்து பார்க்கலாம்.

பழைய கேமராவுக்கு ஒரு வேலை

கைப்பேசி வந்த பிறகு பலர் வீட்டிலும் சட்டைப் பைக்குள் அடங்கும் சிறிய டிஜிட்டல் கேமரா அலமாரியில் தூங்கிக்கொண்டிருக்கிறது. என் வீட்டிலும் ஒன்று இருந்தது. ஒளியியல் பாடம் நடத்தும்போது மின்காந்த நிறமாலையைப் பற்றிச் சொல்வோம். கண்ணுக்குத் தெரியும் ஒளி சுமார் 400 முதல் 700 நானோமீட்டர் வரை. அதற்கு அப்பால் அகச்சிவப்பு. கரும்பலகையில் ஒரு கோடு வரைந்து, சிவப்புக்கு அடுத்து ஒரு கட்டம் போட்டு, உள்ளே 'அகச்சிவப்பு' என்று எழுதிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவோம். மாணவர்களுக்கு அது ஒரு கட்டம்தான். அந்தக் கட்டத்தைத் திறந்து காட்ட இந்தக் கேமராவால் முடியும்.

டிஜிட்டல் கேமராவின் உணரி சிலிக்கானால் ஆனது. சிலிக்கானால் ஏறத்தாழ 1100 நானோமீட்டர் வரையுள்ள ஒளியை உணர முடியும். அதாவது, நம் கண்ணைவிடச் சிவப்புப் பக்கத்தில் அது அதிக தூரம் பார்க்கும். அப்படியே விட்டால் படங்களின் நிறம் கெட்டுவிடும் என்பதால், உணரிக்கு முன்னால் அகச்சிவப்பைத் தடுக்கும் மெல்லிய கண்ணாடி ஒன்றைப் பொருத்தியே கேமராவை விற்கிறார்கள். ஆனால் அந்தக் கண்ணாடி முழுமையாகத் தடுப்பதில்லை. பழைய கேமராக்கள் பலவற்றில் கொஞ்சம் கசியும். அந்தக் கசிவுதான் நமக்கு வேண்டியது.

உங்கள் கேமராவில் கசிவு இருக்கிறதா என்பதை ஒரு நிமிடத்தில் கண்டுபிடிக்கலாம். டி.வி. ரிமோட்டின் முனையைக் கேமராவை நோக்கிப் பிடித்து, ஏதாவது ஒரு பொத்தானை அழுத்துங்கள். கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. கேமராவின் திரையில் ரிமோட் முனை வெளிர் ஊதா நிறத்தில் மின்னினால் அந்தக் கேமரா உதவும். ரிமோட் அனுப்புவது பெரும்பாலும் 940 நானோமீட்டரை ஒட்டிய அகச்சிவப்பு ஒளி. கைப்பேசியில் செய்தால், பின்பக்கக் கேமராவில் தெரியாமல் முன்பக்கக் கேமராவில் மட்டும் தெரிவதும் உண்டு. வகுப்பில் இதைச் செய்தபோது கடைசி வரிசை வரை எழுந்து வந்துவிட்டார்கள்.

வெப்பப் படம் வேறு, இது வேறு

தொடங்கும் முன்பே ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். அகச்சிவப்பு என்றதும் மாணவர்கள் "வெப்பம்" என்பார்கள். 1800ஆம் ஆண்டில் வில்லியம் ஹெர்ஷல் முப்பட்டகத்தால் சூரிய ஒளியைப் பிரித்து, சிவப்புக்கு அப்பால், ஒளியே தெரியாத இடத்தில் வெப்பமானியை வைத்தார். அங்கேயும் வெப்பநிலை ஏறியது. அகச்சிவப்பின் கண்டுபிடிப்பே வெப்பமானி வழியாக வந்ததால் இந்த எண்ணம் இயல்பானதுதான்.

ஆனால் நம் உடலோ சூடான பாத்திரமோ தானாக உமிழும் அகச்சிவப்பு சுமார் 10,000 நானோமீட்டர் அளவில் இருக்கிறது. அதைக் காண வேறு வகைக் கேமரா வேண்டும். நம் கேமரா பார்ப்பது 700 முதல் 1000 வரையுள்ள, சிவப்பை ஒட்டிய பகுதியை மட்டுமே. சூரியனிலிருந்தோ விளக்கிலிருந்தோ வந்து, பொருளின் மேல் பட்டுத் திரும்பும் ஒளி அது. ஆகவே படத்தில் ஒன்று வெள்ளையாகத் தெரிந்தால் அது சூடாக இருக்கிறது என்று பொருளல்ல. இதை நம்பவைக்க, இருட்டறையில் ஒரு டம்ளர் சூடான தேநீரைப் படம் எடுத்துக் காட்டினேன். படம் முழுக் கறுப்பு.

வடிகட்டி

கசிந்து வரும் சிறிதளவு அகச்சிவப்பை மட்டும் பதிவு செய்ய, கண்ணுக்குத் தெரியும் ஒளியை முழுவதும் தடுக்க வேண்டும். இதற்கென்றே ஹோயா ஆர்72 போன்ற வடிகட்டிகள் கடையில் கிடைக்கின்றன. ஏறத்தாழ 720 நானோமீட்டருக்கு மேற்பட்ட ஒளியை மட்டும் அவை விடும். வாங்க இயலாவிட்டால், ஊரில் பழைய போட்டோ ஸ்டூடியோ இருக்கிறதா என்று பாருங்கள். கலர் பிலிம் சுருளின் தொடக்கத்தில், வெளிச்சம் பட்டு, கழுவிய பின் கன்னங்கரேலென்று ஆகிவிட்ட ஒரு துண்டு இருக்கும். ஸ்டூடியோக்காரர் அதைக் குப்பை என்றுதான் வைத்திருப்பார். கலர் பிலிமில் உள்ள சாயங்கள் கண்ணுக்குத் தெரியும் ஒளியைத் தடுக்கும், அகச்சிவப்பை விட்டுவிடும். அத்துண்டை இரண்டாக மடித்து வைத்தால் போதும்.

சிறிய கேமராவில் பொத்தானை அழுத்தியதும் லென்ஸ் வெளியே நீண்டு வரும். எனவே பிலிமை லென்ஸ் மேல் ஒட்டக் கூடாது; மோட்டார் கெட்டுவிடும். நாங்கள் கறுப்பு அட்டையில் லென்ஸைவிடச் சற்றுப் பெரிய குழல் செய்து, அதன் வாயில் பிலிமை ஒட்டினோம். லென்ஸ் முழுதாக நீண்ட பிறகு குழலை மெதுவாக மாட்டிக்கொள்ளலாம். ஓரங்களில் வெளிச்சம் புகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

வடிகட்டி சரியாக வேலை செய்கிறதா? எல்.இ.டி. பல்பு வெளிச்சத்தில் ஒரு வெள்ளைத் தாளைப் படம் எடுங்கள். எல்.இ.டி. ஒளியில் அகச்சிவப்பு மிக மிகக் குறைவு. எனவே படம் கறுப்பாக வர வேண்டும். பிறகு, அதே இடத்தில் பழைய குண்டு பல்பைப் போட்டு எடுங்கள். தாள் தெளிவாகத் தெரியும். குண்டு பல்பு தரும் ஆற்றலில் பெரும்பகுதி அகச்சிவப்புதான். மின்சாரத்தை ஏன் அது அவ்வளவு வீணாக்குகிறது என்பதும் அந்த இரண்டு படங்களிலேயே மாணவர்களுக்கு விளங்கிவிடும்.

பூவை நெருங்குதல்

கேமராவில் டூலிப் பூப் போட்ட ஒரு குறி இருக்கும். அதுதான் மிக அருகில் உள்ளதைப் படம் எடுக்கும் மேக்ரோ நிலை. ஜூம் செய்யாமல், லென்ஸின் அகன்ற கோணத்தில் வைத்தால் பல கேமராக்களில் பூவுக்கு ஐந்து சென்டிமீட்டர் வரை நெருங்கலாம். சிறிய கேமராவில் உணரி மிகச் சிறியது என்பதால் முன்னிதழ், சூலகத் தண்டு, பின்னிதழ் மூன்றும் ஓரளவு தெளிவாகவே விழும். பெரிய கேமராவில் இது எளிதல்ல. இந்த வேலைக்குச் சிறிய கேமராவே வசதி.

கடினம் வேறு இடத்தில் இருக்கிறது. ஒளி மிகக் குறைவாகவே உணரியை அடைவதால், நல்ல வெயிலிலும் எங்கள் கேமராவுக்கு ஒன்று முதல் இரண்டு நொடி தேவைப்பட்டது. கையில் பிடித்து எடுக்கவே முடியாது. டிரைபாட் இல்லாததால் இரண்டு செங்கல், அதன் மேல் மணல் நிரப்பிய துணிப்பை, அதன் மேல் கேமரா என்று வைத்தோம். பொத்தானை அழுத்தும் அதிர்வும் வரக் கூடாது என்பதால் இரண்டு நொடி டைமரைப் பயன்படுத்தினோம். பிளாஷை அணைத்துவிட வேண்டும்.

முதல் நாள் எடுத்த பதினேழு படங்களும் வீண். செம்பருத்தி காற்றில் ஆடிக்கொண்டே இருந்தது. ஒவ்வொரு படத்திலும் பூவுக்குப் பதில் ஒரு வெண்புகை. மறுநாளிலிருந்து காலை இறைவணக்கக் கூட்டத்துக்கு முன்பே, காற்று எழும்பாத நேரத்தில் எடுத்தோம். காம்பை ஒரு குச்சியோடு நூலால் மென்மையாகக் கட்டினோம். அதற்கும் மசியாத பூக்களைப் பறித்து, ஆய்வகத்தில் சிறு புட்டியில் நீர் ஊற்றி நிற்கவைத்து, 100 வாட் குண்டு பல்பை ஓர் அடி தள்ளி வைத்து எடுத்தோம். ஐ.எஸ்.ஓ. 400 வைத்து ஏறக்குறைய எட்டு நொடி தேவைப்பட்டது. பல்பின் சூட்டில் இதழ் வாடும். படம் எடுக்கும் நேரம் தவிர அணைத்து வைக்க வேண்டும்.

குவியத்தை முதலில் குண்டு பல்பு வெளிச்சத்தில் வடிகட்டி இல்லாமல் சரிசெய்துவிட்டு, பிறகு வடிகட்டியைப் போட்டால் படம் சற்று மங்கலாகும். கண்ணுக்குத் தெரியும் ஒளியும் அகச்சிவப்பும் லென்ஸில் ஒரே புள்ளியில் குவிவதில்லை. வடிகட்டியோடு கேமராவே குவியம் தேட முடிந்தால் அதுதான் நல்லது. படங்கள் கருஞ்சிவப்பாகவோ ஊதாவாகவோ வரும். கேமராவைக் கறுப்பு வெள்ளை நிலைக்கு மாற்றினால் பார்க்கத் தெளிவாக இருக்கும். நடுவில் வட்டமாக ஒரு வெளிச்சத் திட்டு விழுந்தால் பூவின் குறை என்று நினைக்க வேண்டாம். சில லென்ஸ்களின் இயல்பு அது.

கணிப்பும் காட்சியும்

படம் எடுக்கும் முன்பு, பத்தாம் வகுப்பு மாணவர்களைத் தங்கள் கணிப்பை எழுதிவைக்கச் சொன்னேன். சிவப்புச் செம்பருத்தி, நீலச் சங்குப்பூ, ஆரஞ்சுக் கனகாம்பரம், வெள்ளை நந்தியாவட்டை, பச்சை இலை. எது வெளிச்சமாக வரும், எது கறுப்பாக வரும்?

பெரும்பாலோர் செம்பருத்திக்கே முதலிடம் கொடுத்தார்கள். காரணம் கேட்டேன். "பேர்லயே சிவப்பு இருக்கே சார்" என்றான் ஒருவன். சங்குப்பூ கறுப்பாக வரும் என்பதில் வகுப்பு முழுவதும் ஒரே கருத்து. நீலம் சிவப்புக்கு எதிர்ப்பக்கம் அல்லவா?

படங்களைத் திரையில் காட்டினேன். செம்பருத்தி வெள்ளை. சங்குப்பூ வெள்ளை. கனகாம்பரம் வெள்ளை. நந்தியாவட்டையும் வெள்ளை. பின்னால் இருந்த இலைகளும் பனி விழுந்ததுபோல் வெள்ளை. செம்பருத்தியின் அடியில் இருக்கும் அடர்சிவப்பு வட்டம் மறைந்துவிட்டது. சங்குப்பூவின் நடுவில் இருக்கும் வெளிர்மஞ்சள் திட்டும், அதைச் சுற்றிய நீலமும் ஒன்றாகிவிட்டன. எஞ்சியவை இதழின் நரம்புகள், மடிப்புகள், மகரந்தத் தாள்களின் நிழல்கள் மட்டுமே. நிறத்தை உரித்தெடுத்துவிட்டு வடிவத்தை மட்டும் வைத்ததுபோல இருந்தது.

செம்பருத்தியின் சிவப்புக்கும் சங்குப்பூவின் நீலத்துக்கும் காரணம் ஆந்தோசயனின் வகை நிறமிகள். அவை கண்ணுக்குத் தெரியும் ஒளியின் ஒரு பகுதியை உறிஞ்சுகின்றன. 720 நானோமீட்டருக்கு மேல் அவை ஏறக்குறைய எதையும் உறிஞ்சுவதில்லை. அங்கே அவை கண்ணாடி போலத்தான். பூவின் நிறமும் கோலமும் அதைத் தேடி வரும் உயிர்களின் பார்வைக்குள் அமைந்தவை. தேனீக்களுக்கு நிறம் தெரியும் என்பதைச் சோதனைகளால் காட்டிய கார்ல் வான் ஃபிரிஷ் 1973இல் நோபல் பரிசு பெற்றார். தேனீ புற ஊதாவையும் நீலத்தையும் பச்சையையும் காணும். தேன்சிட்டு சிவப்பையும் காணும். நம் கேமரா காணும் அகச்சிவப்பை இரண்டுமே காண்பதில்லை. யாரும் பார்க்காத இடத்தில் பூவுக்குக் கோலமும் இல்லை.

என் தவறு

இதுவரை எல்லாம் சரியாகவே போனது. இலை ஏன் வெள்ளையாக இருக்கிறது என்ற கேள்வி வந்தது. அதற்கு என்னிடம் தயாராக விடை இருந்தது. முந்தைய ஆண்டு மாணவர்களுக்கும் சொன்ன விடை அது. சார்ட்டிலும் எழுதி மாட்டியிருந்தேன். "இலையில் உள்ள பச்சையம் அகச்சிவப்பு ஒளியைத் திருப்பி அனுப்புகிறது." எங்கோ படித்தது, எங்கே என்று நினைவில்லை. சரிபார்த்ததும் இல்லை. பச்சையம் பச்சை ஒளியைத் திருப்பி அனுப்புகிறது என்று சொல்லிச் சொல்லிப் பழகிய வாய்க்கு அது எளிதாக வந்துவிட்டது.

மறுவாரம் ஒரு மாணவி தலைமையாசிரியர் அறை வாசலில் இருக்கும் மணி பிளான்ட்டிலிருந்து ஓர் இலையைக் கொண்டுவந்தாள். பச்சையும் வெள்ளையும் திட்டுத் திட்டாக இருக்கும் இலை. ஒளிச்சேர்க்கைக்குப் பச்சையம் தேவை என்பதைக் காட்ட, அதே செடியின் இலையில்தான் ஸ்டார்ச் சோதனை செய்திருந்தோம். "இதையும் எடுத்துப் பாக்கலாமா சார்?" என்றாள். எடுத்தோம். திரையில் வந்த இலையில் திட்டுகளே இல்லை. முழு இலையும் ஒரே வெள்ளை.

"சார், இந்த வெள்ளைத் திட்டுல பச்சையம் கிடையாதே. அயோடின் ஊத்துனப்போகூட இது கறுக்கல. பச்சையம்தான் திருப்பி அனுப்புதுன்னா, இது மட்டும் எப்படி வெள்ளையா வருது?"

உடனே பதில் சொல்ல எனக்கு ஆசைதான். ஏதாவது சொல்லிச் சமாளித்திருக்கலாம். முப்பத்தெட்டுப் பேர் நோட்டில் எழுதிக்கொண்டு போயிருப்பார்கள். ஆனால் அவள் கையில் இருந்தது இரண்டு சோதனைகளின் முடிவு. என்னிடம் இருந்தது ஒரு வாக்கியம் மட்டும். "நான் சொன்னது தப்புன்னு இந்த இலை சொல்லுது. சரியானது எதுன்னு நாளைக்குச் சேர்ந்து பார்ப்போம்" என்று சொல்லி வகுப்பை முடித்தேன்.

நந்தியாவட்டை தந்த விடை

அன்று மாலை எனக்கு உதவியது நந்தியாவட்டை. அந்தப் பூ ஏன் வெள்ளை? அதில் வெள்ளை நிறமி எதுவும் இல்லை. இதழின் செல்களுக்கு இடையே காற்று இருக்கிறது. நீர் நிறைந்த செல்லிலிருந்து காற்றுக்கும், காற்றிலிருந்து செல்லுக்கும் ஒளி மாறி மாறிச் செல்லும்போது எல்லாத் திசையிலும் சிதறுகிறது. சோப்பு நுரை வெள்ளையாக இருப்பதும், தூள் உப்பு வெள்ளையாக இருப்பதும் இதனால்தான். நந்தியாவட்டை இதழை இரு விரல்களுக்கு நடுவே வைத்து நசுக்கிப் பாருங்கள். காற்று வெளியேறி, நசுங்கிய இடம் கண்ணாடித்தாள் போல ஆகிவிடும்.

இலைக்குள்ளும் அதே அமைப்பு உண்டு. பத்தாம் வகுப்புத் தாவர உள்ளமைப்பியல் பாடத்தில் இலையின் குறுக்குவெட்டுப் படம் வரையச் சொல்கிறோம். அடிப்பக்கத்தில் செல்கள் நெருக்கமில்லாமல், நிறையக் காற்று இடைவெளிகளோடு இருக்கும் பஞ்சுத் திசு. கண்ணுக்குத் தெரியும் ஒளியில் பச்சையம் சிவப்பையும் நீலத்தையும் உறிஞ்சிவிடுவதால் இலை பச்சையாகத் தெரிகிறது. அகச்சிவப்பில் பச்சையமும் கண்ணாடி போலத்தான். அது உறிஞ்சுவதும் இல்லை, திருப்பி அனுப்புவதும் இல்லை. உள்ளே வந்த ஒளி செல்லுக்கும் காற்றுக்கும் இடையே சிதறி, பாதியளவு திரும்பி வருகிறது. சுருக்கமாகச் சொன்னால், அகச்சிவப்பில் ஒவ்வோர் இலையும் ஒரு நந்தியாவட்டைப் பூ.

விளக்கம் அழகாகத்தான் இருந்தது. முன்பு சொன்ன விளக்கமும் எனக்கு அப்படித்தான் தோன்றியது. எனவே இம்முறை சோதித்துவிட்டே சொல்வது என்று முடிவு செய்தேன். காரணம் காற்று இடைவெளி என்றால், பச்சையத்தை அப்படியே விட்டுவிட்டு, காற்றை மட்டும் வெளியேற்றினால் இலை அகச்சிவப்பில் கறுக்க வேண்டும்.

சிரிஞ்ச் சோதனை

தாளில் துளையிடும் பஞ்சிங் மெஷினால் இலையிலிருந்து சிறு வட்டங்கள் வெட்டினோம். ஊசி இல்லாத 20 மி.லி. சிரிஞ்சில் சில வட்டங்களையும், பாதியளவு நீரையும், ஒரு துளி சோப்புக் கரைசலையும் எடுத்துக்கொண்டோம். உள்ளே இருக்கும் காற்றை முதலில் வெளியே தள்ளிவிட வேண்டும். பிறகு முனையை விரலால் அடைத்து உந்துதண்டைப் பின்னுக்கு இழுத்துப் பத்து நொடி பிடித்தால், இலையிலிருந்து காற்றுக் குமிழிகள் வரும். விட்டதும் அந்த இடத்தில் நீர் நுழையும். மூன்று நான்கு முறை செய்ததும் மிதந்த வட்டங்கள் மூழ்கிவிட்டன. ஒப்பிட்டுப் பார்க்க, வேறு சில வட்டங்களை அதே கரைசலில் நனைத்து மட்டும் எடுத்தோம். ஈரம் இரண்டுக்கும் பொது. உள்ளே காற்று இருப்பதும் இல்லாததும் மட்டுமே வேறுபாடு.

இரண்டையும் ஒரு கறுப்புத் துணிமேல் வைத்துப் படம் எடுத்தோம். துணியே சாம்பல் நிறமாக வெளுத்துத் தெரிந்தது! பல கறுப்புத் துணிகளின் சாயம் கண்ணுக்குத்தான் கறுப்பு, அகச்சிவப்பில் அல்ல. அந்த இடத்தில் மாணவர்கள் சிரித்த சிரிப்பு பக்கத்து வகுப்பு வரை கேட்டது. ஓர் ஓட்டுச் சில்லை மெழுகுவர்த்திச் சுடரில் காட்டிக் கரி படியவைத்தோம். கரி இரண்டு ஒளியிலும் கறுப்பு. அதன் மேல் வட்டங்களை அடுக்கி மீண்டும் எடுத்தோம்.

நனைத்து மட்டும் எடுத்த வட்டங்கள் பளிச்சென்று வெள்ளை. காற்று நீங்கி நீர் புகுந்த வட்டங்கள் மங்கிய சாம்பல். பச்சையம் இரண்டிலும் இருந்தது. நந்தியாவட்டை இதழையும் அதே முறையில் செய்தோம்; அதைக் காணக் கேமராவே தேவைப்படவில்லை. வெள்ளை இதழ் கண்ணெதிரே நிறமற்ற தாளாகிவிட்டது.

கேள்வி கேட்ட மாணவி அந்த இரண்டு வட்டங்களையும் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "அப்ப பச்சையம் இதுல ஒண்ணுமே பண்ணலையா சார்?" என்றாள். ஒன்றும் செய்யாமல் விலகி நிற்பதுதான் அதன் பங்கு என்றேன். சிவப்பை உறிஞ்சுகிறது, அகச்சிவப்புக்கு வழி விடுகிறது. இந்த இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை வைத்துத்தான் செயற்கைக்கோள்கள் பயிர் செழித்திருக்கிறதா என்று பார்க்கின்றன. 1988 மார்ச் 17இல் ஏவப்பட்ட இந்தியாவின் ஐ.ஆர்.எஸ்.-1ஏ செயற்கைக்கோளின் கேமராக்களில் சிவப்புக்கு ஒரு பட்டையும் அண்மை அகச்சிவப்புக்கு ஒரு பட்டையும் இருந்தன. இலைகள் வெள்ளையாகத் தெரியும் இந்த விந்தைக்கு 'வுட் விளைவு' என்று பெயர். மரத்துக்கும் அந்தப் பெயருக்கும் தொடர்பில்லை. 1910இல் அகச்சிவப்பு நிலக்காட்சிப் படங்களை வெளியிட்ட அமெரிக்க இயற்பியலாளர் ராபர்ட் வுட்டின் பெயர் அது.

செய்யும் ஆசிரியர்களுக்குச் சில எச்சரிக்கைகள்

வடிகட்டி வழியாகவோ கறுப்பு பிலிம் வழியாகவோ யாரும் சூரியனைப் பார்க்கக் கூடாது. இதை முதல் வகுப்பிலேயே சொல்லிவிடுங்கள். வெளிச்சம் குறைவாகத் தெரிவதால் பாதுகாப்பு என்று தோன்றும். ஆனால் அகச்சிவப்பு தடையின்றிக் கண்ணுக்குள் சென்று விழித்திரையைப் புண்ணாக்கும், வலியும் தெரியாது.

உள்ளே இருக்கும் தடுப்புக் கண்ணாடியை எடுத்துவிட்டால் இன்னும் நன்றாக வருமே என்று கேமராவைத் திறக்க வேண்டாம். பிளாஷுக்கான மின்தேக்கி, பேட்டரியை எடுத்த பின்னும் சுமார் 300 வோல்ட் வரை தேக்கி வைத்திருக்கும்.

குண்டு பல்பைத் தொட்டால் சுடும். பல்பையும் கரி பிடிக்கும் வேலையையும் ஆசிரியரே வைத்துக்கொள்வது நல்லது. சிரிஞ்ச் புதியதாக, ஊசி இல்லாததாக இருக்க வேண்டும்.

தொடக்கப் பள்ளி ஆசிரியர்கள் ரிமோட் சோதனையையும், நந்தியாவட்டை இதழை நசுக்கிப் பார்ப்பதையும் மட்டும் செய்தாலே போதும். "நம் கண்ணுக்குத் தெரியாத ஒளி இருக்கிறது" என்பதும், "வெள்ளை என்பது சாயம் அல்ல" என்பதும் மூன்றாம் வகுப்புக் குழந்தைக்கும் விளங்கும். உயர்நிலை வகுப்புகளில் கணிப்பை எழுதி வாங்காமல் படத்தைக் காட்டாதீர்கள். எழுதிவைத்த கணிப்பு பொய்க்கும்போதுதான் பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருகிறார்கள்.

அடித்த வரி

முந்தைய ஆண்டு மாணவர்களில் பலர் எங்கள் பள்ளியிலேயே பதினொன்றாம் வகுப்பில் படிக்கிறார்கள். உயிரியல் ஆசிரியரிடம் அனுமதி கேட்டு ஒரு பாடவேளையில் பத்து நிமிடம் வாங்கிக்கொண்டு அங்கே போனேன். வாசலில் நின்றபோது கொஞ்சம் கூச்சமாகத்தான் இருந்தது. "போன வருஷம் நான் உங்களுக்கு ஒன்று தப்பாகச் சொல்லிக்கொடுத்தேன்" என்று தொடங்கி, மணி பிளான்ட் படத்தையும் இரண்டு வட்டங்களின் படத்தையும் காட்டினேன். யாரும் சிரிக்கவில்லை. ஒருவன் மட்டும், "இதைக் கண்டுபிடிச்சது யாரு சார்?" என்று கேட்டான். பத்தாம் வகுப்பு மாணவி என்றேன். வேறு ஊர்களுக்குப் படிக்கப் போய்விட்டவர்களுக்கு இன்னும் சொல்ல முடியவில்லை. அவர்களில் யாருடைய நோட்டிலாவது அந்தப் பழைய வரி இருக்கும்.

சார்ட்டில் அந்த வரியை நான் வெள்ளைத் தாள் ஒட்டி மறைக்கவில்லை. எல்லோரும் படிக்கும்படி ஒரே ஒரு கோடு போட்டு அடித்தேன். அதன் கீழே, "செல்களுக்கு இடையே உள்ள காற்று இடைவெளிகளால் அகச்சிவப்பு ஒளி சிதறித் திரும்புகிறது" என்று அந்த மாணவியை எழுதச் சொன்னேன். அவள் எழுதிவிட்டு, ஓரத்தில் தேதியும் போட்டாள்.

இந்த ஆண்டு மாணவர்கள் ஆய்வகத்துக்கு வந்த முதல் நாளே அதைப் பார்த்து, ஏன் அடித்திருக்கிறது என்று கேட்டார்கள். நான் ஒன்றும் சொல்லவில்லை. கேமராவையும், பிலிம் ஒட்டிய அட்டைக் குழலையும், ஒரு மணி பிளான்ட் இலையையும் எடுத்து மேசைமேல் வைத்தேன்.